நாற்பது டிக்கெட்டும் செங்கோட்டைக்கே

திருநெல்வேலியில் பஸ் ஏறிய நாற்பது பேருக்கும் செங்கோட்டைக்கே டிக்கெட் விழுந்தது. ஆலங்குளம் கேட்டவருக்கும் செங்கோட்டை. தென்காசி கேட்டவருக்கும் செங்கோட்டை.

டிக்கெட் மெஷினுக்கு ரூபி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் லைப்ரரி என்கிற கட்டளைத் தொகுப்பை எழுதியவர்கள் மூன்று பேர். தனித்தனித் துண்டாக, அதாவது மாட்யூலாக எழுதி அப்புறம் கலக்கச் சொல்லியிருந்தார்கள். எழுதினார்கள். அருள்ராஜ் ஆலங்குளத்துக்கு ஒன்று, பண்டாரம் தென்காசிக்கு ஒன்று, மூத்தவர் கோமதிநாயகம் செங்கோட்டைக்கு ஒன்று. மூன்றிலும் 'ஊர்' என்று ஒரே பெயரில் ஒரு கட்டளை. கலந்தார்கள், செங்கோட்டையைக் கடைசியாக. ரூபியில் கடைசியாகக் கலந்தவன் பேச்சுதான் எடுபடும்.

முதல் ஓட்டம் பார்க்க மூவரும் அதே பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். பஸ் முதலாளி கோமதிநாயகத்தின் மாமனார். போனில் அவர் போட்ட சத்தம் டிரைவர் சீட்டு வரை கேட்டது.

"மாப்ள, டிக்கெட்டுல இருக்க ஊரும் ஆள் இறங்குத ஊரும் ஒண்ணா இருக்கணும். ஒரு ஆளுக்கு மாறுனாலும் உம்ம மெஷினத் தூக்கி ஆத்துல போட்டுருவேன்."

பஸ் கிளம்பிவிட்டது. சரிசெய்து புது டிக்கெட் கொடுக்க ஆலங்குளம் வரை நேரம் இருந்தது. மூவரும் பின்சீட்டில் லேப்டாப்பைத் திறந்தார்கள்.

"கடைசி ஆளுக்குத்தான் மதிப்புன்னா, மூணையும் கடைசியாச் சேத்துருவோம் அண்ணாச்சி," என்றான் அருள்ராஜ்.

நியாயமாகப் பட்டது. சேர்த்தார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவனை ரூபி மறுபடி சேர்க்காது. செங்கோட்டையே விழுந்தது.

விவரம் தெரிந்த ஒருவனுக்குப் போன் போட்டார்கள். "ஒண்ணுக்குள்ள ஒண்ணா வைங்கய்யா, பேரு இடிக்காது," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

"ஆலங்குளத்தைத் தென்காசிக்குள்ள வச்சிரலாம்," என்றார் கோமதிநாயகம். "செங்கோட்டையை?"

"அதுவும் தென்காசிக்குள்ளதான். மாவட்டம்லா," என்றான் பண்டாரம்.

"அப்போ தென்காசியை?"

"தென்காசிக்குள்ளதான்."

"தனக்குள்ள தானே எப்படிவே உக்காரும்? மூச்சு முட்டாதா?"

"கலெக்டர் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுருவோம்."

பேசி முடிப்பதற்குள் ஆலங்குளம் பின்னால் போய்விட்டது. பஸ் நிற்கவில்லை. கண்டக்டர் விசிலடித்து ஓய்ந்தார். தென்காசியிலும் நிற்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போகிற ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றினாள்.

செங்கோட்டை ஸ்டாண்டில்தான் நின்றது. நாற்பது பேரும் இறங்கினார்கள். கோமதிநாயகம் வசவு வாங்கிக்கொண்டே ஒவ்வொரு டிக்கெட்டாகப் பார்த்தார். எழுதியிருந்தது செங்கோட்டை. இறங்கியதும் செங்கோட்டை. ஒரு ஆளுக்குக்கூட மாறவில்லை.

நிம்மதியாக உட்கார்ந்து, லைப்ரரியின் தலைமாட்டில் குறிப்பு எழுதினார்: "ஊர்ப் பிழை தீர்ந்தது. தீர்த்தவர், டிரைவர் உக்கிரபாண்டி."