காற்றுத்திரையான சுழலி

அந்தக் காலத்தில் மானும் மைனாவும் பேசின. காற்றுகளும் நம்மைப் போலவே முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டன. கோடை மூத்தவன், அனல் மேனிக்காரன். அவனுக்கு அடுத்தவள் வாடை, தொட்டால் சில்லென்று இருப்பாள். கடைக்குட்டி சுழலி. சருகைக் கண்டால் போதும், தூக்கி வைத்துக்கொண்டு தெருவெல்லாம் ஆடுவாள். "ஓர் இடத்தில் நிற்கிறாளா பார்" என்று எல்லோரும் திட்டுவார்கள். திட்டினால் இன்னும் இரண்டு சுற்று ஆடுவாள், செல்லக் கழுதை.

வெயில் காலம் வந்தால் வாடைக்கு வெளியே உயிர் தங்காது. மாராயி என்றொரு பெண் தன் கல்வீட்டில் அவளுக்கு இடம் கொடுத்தாள். சுழலியும் அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வீட்டில் பானை பானையாகத் தண்ணீர், வாடை இருப்பதால் எப்போதும் குளுகுளுவென்று இருக்கும். தாகத்தோடு எது வந்தாலும் உள்ளே போய்க் குடிக்கலாம். அதனால் வெயில் காலம் முழுக்க மாராயி கதவைச் சாத்துவதே இல்லை.

ஒரு மத்தியானம் கோடை வந்து வாசலில் நின்றான். கெட்டவன் இல்லை, பாவம். தங்கையைப் பார்த்து வருஷக்கணக்காகிறது, ஆசையில் கிளம்பி வந்துவிட்டான்.

"தங்கச்சி, நல்லாருக்கியா?" என்று ஒரு காலை உள்ளே வைத்தான். அவ்வளவுதான், வாடை சுவரோரம் சுருண்டுவிட்டாள். பானையில் அலகை வைத்த மைனா, "ஐயோ, தண்ணி சுடுது!" என்று கத்தியது.

சுழலிக்குப் பதறிவிட்டது. உள்ளேயிருந்து ஓடிவந்து அண்ணனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். அண்ணன் நகர்ந்தான். ஆனால் அவள் போன வேகத்தில் வாடையிலும் பாதி வெளியே போய் வெயிலில் கரைந்தது.

"அடி பாவி, திருடனை விரட்டுறேன்னு வீட்டுச் சாமானையெல்லாம் தூக்கி எறியுறியே!" என்று மாராயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்ப கதவைச் சாத்துங்க அத்தை!"

"சாத்தினா அது எங்கடி போகும்?" மாராயி கைகாட்டிய பக்கம் ஒரு மான்குட்டி நாக்குத் தொங்கத் தள்ளாடி வந்துகொண்டிருந்தது.

சுழலி கதவு நிலையின் உச்சிக்கு ஏறினாள். அக்காவின் குளிர்ச்சியை ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். கோடை மறுபடி காலை எடுத்து வைத்தபோது நேர் கீழே குதித்தாள்.

மெதுவாகக் குதித்ததில் அண்ணனின் கட்டைவிரல் உள்ளே வந்துவிட்டது. பலங்கொண்ட மட்டும் குதித்தபோது தரையில் மோதிச் சிதறி, உள்ளேயிருந்த குளிரையும் கலைத்தாள். அப்புறம்தான் பதம் பிடிபட்டது. கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்து, தரையைத் தொடுகிற அளவுக்கு மட்டும் குதிக்க வேண்டும். விழுந்ததும் வாசற்படியில் இரண்டாகப் பிரிந்தாள். ஒரு பாதி உள்ளே உருண்டு மறுபடி மேலே ஏறியது, மறுபாதி வெளியே போனது. கோடையின் கால் அங்கேயே நின்றது. மான்குட்டி மட்டும் அவளுக்குள் புகுந்து, உடம்பு சிலிர்க்க உள்ளே போய்த் தண்ணீர் குடித்தது.

"சின்னவளே, எவ்வளவு நேரம்தான் குதிப்ப? கால் வலிக்காதா?" என்றான் கோடை.

"நீ போற வரைக்கும்ணே."

"அவளப் பாக்காம நான் எங்க போவேன்?" கோடை எட்டி உள்ளே பார்த்தான்.

சுழலி தெருவைப் பார்த்தாள். சருகுகள் கிடந்தன. ஆட ஆசையாகத்தான் இருந்தது, அழுகையாகவும் வந்தது. "அப்ப நானும் எங்கயும் போகல" என்று மறுபடி குதித்தாள்.

வெளியே பிரிந்த பாதி அண்ணனின் காலில் சில்லென்று பட்டது. கோடை குனிந்து தொட்டுப் பார்த்தான். "இது வாடைதானே? நல்லாருக்காளா?"

"நல்லாருக்காண்ணே. நீ வந்திருக்கன்னு உள்ள போன பாதி அவகிட்ட சொல்லிட்டிருக்கு."

அன்று முதல்தான், திறந்தே கிடக்கிற குளிரூட்டிய கடை வாசல்களில் தலைக்கு மேலிருந்து காற்று ஒரு திரையாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. நாம் கலைந்த முடியைக் கோதியபடி கடந்துவிடுகிறோம். அவளோ வெளியே அண்ணனுக்கு ஒரு சேதி, உள்ளே அக்காவுக்கு ஒரு சேதி என்று இன்னும் குதித்துக்கொண்டே இருக்கிறாள்.