ஃப்ரீசர் பெட்டிக்காரருக்கு ஒரு வெப்சைட்

"பார்த்தவன் வாயைப் பிளக்கணும் மேடம். அப்படி ஒரு வெப்சைட் பண்ணிக் குடுங்க."

இதைச் சொன்னபோது தங்கமாயனுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படி செங்குத்து. ஆளுக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது.

இன்பராணி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடித்ததும் கேட்டாள்.

"என்ன தொழில்ணே?"

"ஃப்ரீசர் பெட்டி. இறந்தவங்கள வைக்கிற கண்ணாடிப் பெட்டி. அதை வாடகைக்கு விடுறோம். எங்கப்பா பந்தல், சேர்னு ஆரம்பிச்சாரு. நான் பெட்டியைச் சேர்த்தேன்."

அவள் தலையாட்டினாள்.

தங்கமாயன் அறையைச் சுற்றிப் பார்த்தார். மேசை, கம்ப்யூட்டர், உட்கார இரண்டு நாற்காலி. சுவரில் ஒரு காலண்டர்கூட இல்லை. வெப்சைட் செய்கிற இடமென்றால் டை கட்டிய ஆட்கள் நாலு பேராவது இருப்பார்கள் என்று நினைத்து வந்தவர் அவர்.

ஆனால் இந்தப் பெண்ணைப் பற்றித் திண்டுக்கல்லில் ஒரு பேச்சு உண்டு. கேட்டதைச் செய்து தரமாட்டாள். பூட்டுக்கடைக்காரர் ஒருவர் பை நிறைய போட்டோவோடு படியேறி, ஒரே ஒரு சாவியின் படத்தோடு இறங்கினாராம். பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டு போய், பிறகு ஒருநாள் வாளி நிறைய பிரியாணியோடு அவராகவே திரும்பி வந்தாராம். என்ன நடந்தது என்று கேட்டால் இரண்டு பேருமே சொல்வதில்லை. போய்ப் பாருங்க என்பார்கள். அவ்வளவுதான்.

"எப்படி இருக்கணும்னு நினைக்கிறீங்க?"

தங்கமாயன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"திறந்ததும் கோபுர வாசல் மாதிரி ரெண்டு கதவு விரியணும். உள்ள எங்கப்பா படம், சுத்தி லைட்டு. மேல 'வருக வருக'ன்னு எழுத்து மின்னணும். பின்னால மெல்லிசா ஒரு புல்லாங்குழல்."

"புல்லாங்குழல்."

"நாதஸ்வரம்தான் வச்சிருந்தேன். கல்யாண மண்டபம்னு நினைச்சிருவாங்கன்னு வீட்டுக்காரி சொல்லிட்டா."

இன்பராணி சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிய மாதிரியும் தெரியவில்லை.

"கடைசியில?"

"கடைசியில எல்லாரும் போடுறதுதான். நன்றி, மீண்டும் வருக."

அவள் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அதுவே அவருக்கு ஒரு மாதிரி இருந்தது.

"எதுக்குண்ணே வெப்சைட்?"

"எதுக்கா? மதுரையில ஒருத்தன் வச்சிருக்கான். போன்ல தேடினா அவன்தான் முதல்ல வந்து நிக்கிறான். பாருங்க, எப்படி மினுக்குறான்னு." போனை எடுத்துக் காட்டினார். "அவனுக்கு மேல ஒரு படி நிக்கணும்."

"எதுக்கு?"

"அவனை மிஞ்ச வேண்டாமா?"

"எதுக்குண்ணே?"

குரல் உயரவில்லை, தாழவில்லை. முதல் முறை கேட்ட அதே குரல். தங்கமாயனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த கோபம் பாதி வழியில் வேறு எதுவாகவோ மாறிவிட்டது.

"எங்க கோட்டைச்சாமி சார் போன சித்திரையில தவறிட்டாரு" என்றார். "எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவரு. என் குடோனுக்குப் பின்னால ஒரு அடுக்குமாடி வந்திருக்குல்ல, அங்கதான் மகன் வீட்ல இருந்திருக்காரு. எனக்குத் தெரியாது. மகனுக்கு ஊர்ல யாரையும் தெரியாது, வெளியூர்ல வளர்ந்த பிள்ளை. போன்ல தேடியிருக்கான். மதுரைக்காரன் நம்பர் வந்திருக்கு."

அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"பெட்டி மதுரையில இருந்து கிளம்பி, வழியில டயர் போய், இங்க வந்து சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு. சித்திரை வெயிலு மேடம். அதுக்கு மேல வைக்க முடியல. மக டெல்லியில இருந்து வந்துக்கிட்டு இருக்கு. அது வந்து இறங்குறப்போ வீட்டைக் கழுவி விட்டுட்டாங்க."

சொம்பில் தண்ணீர் இல்லை. இருந்தும் எடுத்து ஒரு முறை வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

"என் பெட்டி அன்னைக்குச் சும்மாதான் கிடந்துச்சு. சுவத்துக்கு இந்தப் பக்கம்."

இன்பராணி இப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள்.

"இன்னொரு பிள்ளை அப்படி வந்து நிக்கக் கூடாது. அதுக்குத்தான்" என்றார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது.

எடுத்தவர் எழுந்து நின்றார். குரலே மாறிப்போனது. வணக்கம் இல்லை, கடையின் பேர் இல்லை.

"சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

"எந்தத் தெரு... தண்ணித் தொட்டிக்கு முன்னாலயா, பின்னாலயா... சரி. வர்றேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், இன்பராணி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எங்கம்மா? சாவு வீடு. போனா தலை முழுகணும்."

"முழுகிக்கிறேன்" என்றாள்.

குடோனில் பெட்டியையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. மேடம் என்று அழைத்தது எப்போது அம்மாவானது என்று அவருக்கே தெரியாது.

வீட்டு வாசலில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. அவரும் யாருக்கும் கை கூப்பவில்லை. இறந்தவர் முன்னறையில் பாயில் கிடந்தார். வயதானவர். தலைமாட்டில் விளக்கு எரிந்தது.

தங்கமாயனின் ஆட்கள் பெட்டியை இறக்கினார்கள். அவர் தரையில் உள்ளங்கையை வைத்து மேடு பள்ளம் பார்த்தார். ஸ்விட்சைப் போட்டு, மோட்டார் ஓடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பெரியவரை உள்ளே வைத்து மூடியபின், இடுப்புத் துண்டை உருவி, முகத்துக்கு நேரே இருந்த கண்ணாடியை மட்டும் இன்னொரு முறை துடைத்தார்.

இன்பராணி சுவரோரம் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இறந்தவரின் மகள். கையில் போன். யாருக்கோ தகவல் சொல்லப் பார்த்தாள், முடியவில்லை. திரையில் சொட்டியதை முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் சொட்டியது. கடைசியில் போனை இன்பராணியின் மடியில் வைத்தாள்.

"அக்கா, சித்தப்பான்னு ஒரு பேரு இருக்கும். கொஞ்சம் போட்டுக் குடுங்கக்கா."

யார் எவர் என்று கேட்கவில்லை. இன்பராணியும் சொல்லவில்லை. தேடிப் போட்டு, அவள் காதருகே பிடித்துக்கொண்டாள். பேசி முடியும்வரை அப்படியே பிடித்திருந்தாள்.

வேலை முடிந்ததும் தங்கமாயன் வெளியே வந்தார். வருகிறேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. இன்பராணியும் சொல்லிக்கொள்ளாமல் வந்து வண்டியில் ஏறினாள்.

"என்னம்மா பார்த்தீங்க?" என்றார்.

"பார்த்தேன்."

"வெப்சைட்?"

"வெள்ளிக்கிழமை வாங்க."

வெள்ளிக்கிழமை அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். கதவு எப்படி விரியும், அப்பா படத்தைச் சுற்றி என்ன நிறத்தில் லைட்டு என்று வழியெல்லாம் யோசனை. வீட்டுக்காரியிடம் வேறு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இன்பராணி தன் போனை அவர் கையில் கொடுத்தாள்.

கதவு இல்லை. படம் இல்லை. வெள்ளைத் திரையில் கறுப்பாகப் பெரிய எழுத்தில் ஒரு போன் நம்பர். அதற்கு மேல், 'இறந்தவருக்கான ஃப்ரீசர் பெட்டி, திண்டுக்கல்.' கீழே, 'இப்போதே வருகிறோம்.'

அவர் விரலால் தள்ளிப் பார்த்தார். வேறு எதுவும் வரவில்லை.

"இன்னும் முடியலையோ?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

தங்கமாயன் மறுபடி தள்ளிப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"என்னம்மா இது? கரண்ட் கம்பத்துல ஒட்டுற நோட்டீஸ்கூட இதைவிட நல்லா இருக்கும். தேடுனா இதாவது வருமா?"

"ஊர்ப் பேரையும் பெட்டியையும் போட்டுத் தேடினா, உங்க குடோன் இருக்கிற இடத்தோட வர்ற மாதிரி செஞ்சிருக்கேன். அந்த வேலைதான் அதிகம். அது கண்ணுக்குத் தெரியாது."

"சரி, வருகன்னு ஒரு வார்த்தை போடக் கூடாதா? மரியாதை வேண்டாமா?"

"அன்னைக்கு அந்த வீட்ல உங்களை யாராச்சும் வாங்கன்னு சொன்னாங்களா?"

"சாவு வீட்ல எப்படிம்மா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"கடைசியில போடச் சொன்னீங்களே" என்றாள் அவள்.

மீண்டும் வருக.

சட்டென்று அவர் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயையோ. ரெண்டு மாசமா இதை மனசுல எழுதி எழுதிப் பார்த்தேன் தாயி."

இப்போது இன்பராணி சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சமாதானம் ஆகவில்லை.

"அதெல்லாம் ஒத்துக்கிறேன். இருந்தாலும் இது ரொம்ப மொட்டையா இருக்கு. எங்கப்பா பேரு இல்லை, எம் பேரு இல்லை. மதுரைக்காரன் பக்கத்துல இதை வச்சா நாலு பேரு சிரிப்பாங்க."

"அவரோடதைத் திறங்க" என்றாள்.

அவர் தன் போனில் திறந்தார். ரோஜாப் பூக்கள் மேலிருந்து உதிர்ந்தன. ஒரு வெள்ளைப் புறா குறுக்கே பறந்தது. பொன்னிற எழுத்துகள் வரிசையாக ஓடின.

"எவ்வளவு அம்சமா இருக்கு. நீங்களே பாருங்க."

அவள் பார்க்கவில்லை. மேசைக்கு மேல் கையை நீட்டினாள். அவர் முகத்திலிருந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். மடித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

தங்கமாயன் திடுக்கிட்டுப்போனார். அவருடைய மனைவிகூட அவர் முகத்திலிருந்து அதைக் கழற்றியதில்லை.

"என்ன தாயி..."

"இதைத் தேடி வர்றவங்க கண்ணு இப்படித்தாண்ணே இருக்கும்" என்றாள். "இப்போ பாருங்க. அதுல நம்பர் எங்க இருக்கு?"

அவர் குனிந்தார். சிவப்பும் பொன்னும் ஒன்றில் ஒன்று கரைந்து எங்கோ ஓடிக்கொண்டிருந்தன. ஓடைத் தண்ணீருக்கு அடியில் யாரோ கோலம் போட்டு வைத்த மாதிரி. ஒன்றைப் பிடிப்பதற்குள் அது நகர்ந்து போனது. விரலால் தொட்டார். வேறு எதுவோ திறந்தது. மறுபடி தொட்டார். புறா வந்தது.

நெற்றியில் வேர்த்தது. கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அவள் தரவில்லை.

"இதைப் பாருங்க."

தன் போனை மேசையில் வைத்துவிட்டு, அவளுடைய போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

அந்த அறையில் அவருக்கு எல்லாமே கலங்கலாகத்தான் தெரிந்தது. மேசை கலங்கல், ஜன்னல் கலங்கல், எதிரே இருந்தவளின் முகமும் கலங்கல். அத்தனைக்கும் நடுவே, மழையில் நனைந்துகொண்டு நிற்கும் கல்தூண் போல அந்த நம்பர் மட்டும் நின்றது. அசையவில்லை. எங்கும் போகவில்லை.

கட்டைவிரலைக் கொண்டுபோனார். நம்பரில் படவில்லை, அதற்கு வெகு கீழே, வெறும் வெள்ளையில் பட்டது.

அப்படியும், மேசை மேல் கிடந்த அவருடைய போன் அடித்தது.

அவர் எடுக்கவில்லை. அதன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். அது அடித்து அடித்துத் தானாக நின்றது.

இன்பராணி கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அப்பா படத்தை எந்த இடத்துல வைக்கட்டும்ணே? நீங்க சொல்ற இடத்துல வைக்கிறேன்."

அவர் கண்ணாடியைத் தொடவில்லை. போனை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். பிறகு கையை முழுக்க நீட்டி, இன்னும் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"தாயி," என்றார், "அந்த நம்பரை இன்னும் கொஞ்சம் பெருசாக்க முடியுமா?"