கூனிப்பொத்தைப் பல்லி

குரு வயதில் சின்னவர். நாற்பது முடிந்து ஒரு வருடம். சீடருக்கு அறுபத்துமூன்று. குரு சீடன் கதை என்றால் யாருக்காவது தாடி இருக்க வேண்டுமே என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், தாடி சீடரிடம் இருந்தது. மனைவி போன பிறகு அவர் சவரம் செய்துகொள்வதை விட்டிருந்தார்.

குருவின் பெயர் ஜெசிந்தா. பல்லி, அரணை, ஓணான், தவளை என்று உலகம் இன்னும் பெயர் வைக்காத உயிர்களைத் தேடிக் கண்டுபிடித்து, எது எதற்குச் சொந்தம் என்று வகைப்படுத்துவது அவர் வேலை. அதுவரை நான்கு பல்லிகளுக்குப் பெயர் வைத்திருந்தார். சங்கரன்கோவிலுக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில், வாடகை வீட்டின் முன்னறைதான் ஆய்வறை. கையில் எப்போதும் நோட்டு இருப்பதால் ஊரார் அவரை டீச்சர் என்றார்கள். அவரும் மறுக்கவில்லை.

சீடர் ஆவுடையப்பன், சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து எட்டாம் மாதம் ஒருநாள் காலையில் வந்து டீச்சர் வீட்டு வாசலில் நின்றார்.

“என்ன வேணும் அண்ணாச்சி?”

“இந்த வேலைய எனக்கும் படிச்சுக் குடுக்கணும் டீச்சர்.”

“எதுக்கு?”

“வீட்ல இருக்க முடியல.”

டீச்சர் வேறெதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

உட்கார்ந்ததும் ஆவுடையப்பன் கேட்டார். “புது இனம்னா என்ன டீச்சர்?”

டீச்சர் ஒரு தட்டில் இரண்டு செத்த பல்லிகளை எடுத்து வைத்தார். ஸ்பிரிட் வாடை அடித்தது. பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்தார்.

“ரெண்டும் ஒண்ணா வேறயா, சொல்லுங்க.”

“பாத்தா ஒண்ணாத்தான் தெரியுது.”

“பாக்காதீங்க. எண்ணுங்க.”

எண்ணினார். வயிற்றின் குறுக்கே எத்தனை செதில், விரலுக்கு அடியில் எத்தனை மடிப்பு, தொடையில் எத்தனை துளை. முப்பத்தைந்து வருடம் அடுத்தவன் நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்த மனிதர், ஒரு விரல் நீளப் பல்லியிடம் மாட்டிக்கொண்டு முழித்தார். பதினாறாம் நாள் தலை நிமிர்ந்தார்.

“ரெண்டும் வேற டீச்சர். வயித்துல அஞ்சு செதில் வித்தியாசம்.”

“நம்மளுக்கு இன்னைக்குத்தான் தெரியுது. அதுகளுக்கு முந்தியே தெரியும்” என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த தட்டை எடுத்து வைத்தார்.

இன்னொரு நாள் ஆவுடையப்பன் கேட்டார். “பேரு யாரு வைக்கது?”

“முதல்ல எழுதினவங்க.”

“பின்னால ஒருத்தர் நல்ல பேரா வச்சா?”

டீச்சர் ஒரு கதை சொன்னார். ஒருவர் மழையில் ஒழுகும் கூடாரத்தில் உட்கார்ந்து ஒரு பல்லியைப் பார்த்து இரண்டே வரி எழுதினார். அழுக்கு நிறம் என்று அர்த்தம் வரும்படி ஒரு பெயரும் வைத்தார். நாற்பது வருடம் கழித்து ஒரு பெரிய படிப்பாளி அதே பல்லியைப் பார்த்தார். புதிது என்று நினைத்து நாற்பது பக்கம் எழுதி, வண்ணப்படம் போட்டு, ஒரு ராணியின் பெயரை வைத்தார். கடைசியில் இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தது.

“இப்ப எது பேரு?” என்றார் ஆவுடையப்பன்.

“அழுக்குதான். முதல்ல வச்ச பேருதான் நிக்கும்.”

“அநியாயமால்லா இருக்கு.”

“சட்டம் அண்ணாச்சி.”

சட்டம் என்றதும் அவர் அடங்கிப்போனார். சர்வேயர் இல்லையா. பிறகு, மனுசர் பெயர் வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம், தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டால் சிரிப்பார்கள், மற்றவர் பெயர் வைப்பது வழக்கம்தான் என்றார் டீச்சர்.

“பொம்பளப் பேரு?”

“அதுவும் உண்டு. லத்தீன் முறைப்படி கடைசியில ‘ஏ’ன்னு ஒரு சத்தம் சேத்துக்கிடணும்.”

அன்று டீ வந்தது. ஆவுடையப்பன் குடிக்காமலே எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து அவர் கூனிப்பொத்தைக்கு ஏற ஆரம்பித்தார். பொத்தை என்றால் எங்கள் பக்கம் சின்னப் பாறைமலை. அது முதுகு வளைந்து நிற்கும். ஊரில் ஆடு மேய்ப்பவர்களைத் தவிர யாரும் அங்கே போவதில்லை. அங்கே பாறை இடுக்குகளில் பகல்பல்லி உண்டு. மற்ற பல்லிகள் இருட்டுக்குக் காத்திருக்கும், இது வெயில் வந்ததும் வெளியே வரும். காலை ஏழு மணிக்குத் தூக்குச்சட்டியும் நோட்டுமாய் ஏறினால் மதியம்தான் இறங்குவார். பதினோரு மாதம் இப்படி. மாமா கிறுக்குப் பிடித்துப் பல்லி பிடிக்கப் போகிறார் என்று மருமகன் தென்காசியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் மாதம் ஒரு திங்கட்கிழமை. டீச்சர் கதவைத் திறந்தபோது வாசலில் யாரோ நிற்பது போல இருந்தது. ஆவுடையப்பன்தான். சவரம் செய்திருந்தார். சலவைச் சட்டை. கையில் ஒரு துணிப்பை, வாய் கட்டியிருந்தது.

“வாலு வேற டீச்சர்” என்றார்.

நோட்டைப் பிரித்தார். இருபத்திரண்டு பக்கம் எழுதியிருந்தார், எல்லாம் அளவு. பொத்தையின் வடக்குப் பாறையில் இப்படி மூன்றைப் பார்த்திருக்கிறார். ஒன்றை டீச்சர் வாங்கித் தந்திருந்த அனுமதியின்பேரில் பிடித்திருக்கிறார். உடம்பு தெரிந்த இனத்தின் உடம்பேதான். ஆனால் தெரிந்த இனத்துக்கு வாலில் வரிசை வரிசையாகச் சின்ன முள் இருக்கும், கறுப்பு வளையம் இருக்கும். இதன் வால் வழுவழுவென்று இருந்தது. சாம்பல் நிறம், முள்ளும் இல்லை, வளையமும் இல்லை. வாலின் அடியில், உடம்பை ஒட்டி மட்டும் ஒரு மெல்லிய கோடு. ‘இந்த இனத்துக்கே உரிய அடையாளம்’ என்று அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார்.

டீச்சர் பல்லியை எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஆவுடையப்பன் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேரு யோசிச்சிட்டீங்களா அண்ணாச்சி?”

“கோமதி.”

“வீட்ல அவங்க பேரா?”

“ஆமா. கடைசியில அந்த ‘ஏ’ வரும்லா. கோமதியேன்னு. கூப்பிடுத மாதிரி இருக்கும்.”

டீச்சர் பல்லியைப் பைக்குள் விட்டு வாயைக் கட்டினார். ஆவுடையப்பன் தரையைப் பார்த்துப் பேசினார்.

“முப்பத்திநாலு வருசம் டீச்சர். ஒரு நாள்கூட அவளப் பேர் சொல்லிக் கூப்பிடல. எங்கப்பா எங்கம்மாவக் கூப்பிட்டதில்ல, நானும் கூப்பிடல. ஏளாம்பேன். ஏளா சோறு வையி, ஏளா கதவத் தொற, ஏளா என் கண்ணாடி எங்க. அவ்வளவுதான். வேற யாரு வீட்லயும் எவனும் கூப்பிடல, அதனால எனக்கு அது ஒரு குறையாவே தெரியல.”

“ம்.”

“கடைசி நாளு ஆஸ்பத்திரில நர்ஸம்மா அவ காதுகிட்ட குனிஞ்சு கோமதி, கோமதின்னு கூப்பிட்டுது. நல்லா அழகா கூப்பிட்டுது. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. யாரோ ஒரு பிள்ள கூப்பிடுது, நான் கூப்பிடல. நானும் குனிஞ்சேன். இப்பவாவது பேரச் சொல்லிருவோம்னுதான் குனிஞ்சேன். வாயில ஏளான்னுதான் வந்துச்சு.”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதான், ஒரு புஸ்தகத்துலயாவது அவ பேரு இருக்கட்டும்னு. நான் வச்ச பேரா இருக்கட்டும்னு.”

டீச்சர் பையைத் தன் பக்கம் நகர்த்தினார். பிறகு, “பேரு வேணும்னா இந்த ஒண்ணு ஸ்பிரிட் ஜாடிக்குள்ள போகணும். தெரியும்லா?” என்றார்.

“தெரியும். பேரு அந்த உடம்போடதான் சேந்து நிக்கும்னு சொல்லியிருக்கீங்க.”

“நீங்களே போடுவீங்களா?”

“போடுவேன்” என்றார் ஆவுடையப்பன். பைக்குள் ஏதோ அசைந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் பொத்தைக்குப் போவோம். அதையும் கொண்டாங்க. நோட்டையும் கொண்டாங்க.”

மறுநாள் வடக்குப் பாறைக்கு எதிரே நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். டீச்சர் கேட்டார். “நாலாம் பக்கம் என்ன எழுதியிருக்கீங்க? வாசிங்க.”

“வடக்குப் பாறை. உயரம் பதினோரு அடி. தெக்க ஒரு சூரைப் புதர். அதுல செம்போத்து கூடு கட்டியிருக்கு.”

“சரி. பேசாம பாத்துட்டு இருப்போம்.”

ஒன்றரை மணி நேரம் போனது. வெயில் பாறையின் பாதிக்கு வந்ததும் பகல்பல்லிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்று இவர்கள் பக்கமாகவே வந்து நின்றது. முள் வரிசையும் கறுப்பு வளையமுமாய் நல்ல வால். அப்போது புதரிலிருந்து செம்போத்து இறங்கியது. பறக்கவில்லை, கோவிலுக்கு வந்தது போல நிதானமாக நடந்து வந்தது. ஒரே கொத்து. பல்லி இடுக்குக்குள் போய்விட்டது. வால் மட்டும் பாறைமேல் கிடந்து துள்ளியது.

செம்போத்து வாலை விழுங்கிவிட்டுப் புதருக்குத் திரும்பியது.

ஆவுடையப்பன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லப் பையை அவிழ்த்து, பல்லியை விரலுக்குள் பிடித்து, வாலின் அடியைக் கண்ணாடியில் பார்த்தார். கோட்டுக்கு மேலே உடம்பை ஒட்டி ஒரு வரிசை முள் இருந்தது. கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவர் சிவப்பு மையில் அடிக்கோடிட்ட கோடு, வால் அறுந்த இடம்.

“இது முளைச்ச வாலு” என்றார்.

“ஆமா அண்ணாச்சி.”

“பல்லி பழசுதான்.”

“பழசுதான்.”

“மூணுமே இந்தப் பாறைதான். மூணுக்கும் வால எடுத்தது அதுதான். நானே எழுதி வச்சிருக்கேன், நாலாம் பக்கத்துல.” அவர் சிரிக்கப் பார்த்தார். “ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளின்னு எங்கம்மா சொல்லுவா. எத்தன பேரோட எல்லக் கல்லத் தப்புன்னு சொல்லியிருப்பேன்.”

டீச்சர் சிரிக்கவில்லை.

“நேத்தே உங்களுக்குத் தெரியும்” என்றார் ஆவுடையப்பன்.

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாமே.”

“நேத்து நீங்க சவரம் பண்ணிட்டு வந்திருந்தீங்க அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் எழுந்தார். பாறையின் அருகே போய் உள்ளங்கையைத் திறந்து வைத்தார். பல்லி உடனே போகவில்லை. முளைத்த வாலை ஒரு பக்கமாக வளைத்துக்கொண்டு கையிலேயே இருந்தது. அவரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அது இடுக்குக்குள் போய்விட்டது. கை அப்படியே இருந்தது.

“இனி எப்ப நான் புதுசா ஒண்ணக் கண்டுபிடிச்சு” என்றார். “எனக்கு அறுபத்திமூணு. ஒரு பல்லிக்கே இவ்வளவு நாளாயிட்டு. அவ பேரு எங்கயும் இல்லாமலே போயிரும் டீச்சர். நான் அவளுக்கு ஒரு பேரும் வைக்காமலே போயிருவேன்.”

டீச்சர் காலிப் பையை உதறி மடித்தார்.

“அண்ணாச்சி, ஆஸ்பத்திரில நர்ஸு பேரச் சொல்லிக் கூப்பிட்டுதே. அவங்க கண்ணத் தொறந்தாங்களா?”

“இல்ல. அப்ப நெனவே இல்லன்னுதான் சொன்னாங்க.”

“நீங்க ஏளான்னு கூப்பிட்டீங்களே. அதுக்கு?”

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

“தொறந்தா” என்றார். “தொறந்து என்னையப் பாத்தா.”

டீச்சர் அவர் நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“முதல்ல வச்ச பேருதான் அண்ணாச்சி நிக்கும்.”