வெயிலுமுத்துவின் வலது கால் நரம்பு

கல்யாணத்துக்கு முந்தின வாரம் நொச்சிகுளத்து வெயிலுமுத்துவுக்கு வலது கால் மரத்துப்போனது. பகல் முழுக்கச் சம்மணம் போட்டுச் சீட்டு விளையாடியதன் பலன். கிள்ளினாலும் தெரியவில்லை. மாலையும் கழுத்துமாக நொண்டிக்கொண்டு போக வேண்டியதுதானா என்று அவனுக்கு ஒரே கவலை. கூட்டாளிகள் மாடக்கண்ணு, இசக்கி, தளவாய் மூவரும் அவனை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நரம்பு அழுந்தியிருக்கிறது, தானே சரியாகிவிடும் என்றார் அவர். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம், விளக்கவும் செய்தார். நரம்புக்கு உள்ளும் வெளியும் உப்புச்சத்து இடம் மாறும்போது மின்சாரம் உண்டாகுமாம். அது நரம்போடு ஓடி, அடுத்த நரம்பைத் தொடாமலே செய்தியைக் கைமாற்றுமாம். ஒரு செய்தி அனுப்பிய நரம்பு கண்ணிமைக்கும் நேரம் ஓய்வெடுக்குமாம். இப்படியே மூளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வலி தெரியுமாம்.

வீட்டுக்கு வந்ததும் காலை உப்பு மூட்டைக்குள் நட்டுவைத்தார்கள். உடம்பில் மின்சாரம் ஓடுவதால் குளிக்கவும் விடவில்லை. கால் எதற்கும் மசியவில்லை.

மாடக்கண்ணு வெகுநேரம் யோசித்தான். "நரம்பு வேலை செய்யலன்னா என்னலே, நாம மூணு பேரும் சும்மாதான இருக்கோம்."

"நரம்பா ஆகணும்னா படிச்சிருக்கணுமோ என்னமோ" என்று இசக்கி தயங்கினான்.

"வெயிலுமுத்து மூளையே படிக்கல. நரம்புக்கு எதுக்குலே படிப்பு?"

அது நியாயமாகவே பட்டது வெயிலுமுத்துவுக்கு. தன் தலைக்குள் இடம் காலியாகத்தான் கிடக்கிறது, எந்தச் செய்தி வந்தாலும் தாராளமாகத் தங்கலாம் என்று அவனே சொல்லிக்கொண்டான்.

மணமேடையில் வெயிலுமுத்துவின் காலடியில் மாடக்கண்ணு, மாடக்கண்ணுக்குப் பின்னால் இசக்கி, மாப்பிள்ளையின் காதோரம் தளவாய். ஒருவரை ஒருவர் தொடாமல் முழ இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள்.

ஓமகுண்டத்திலிருந்து ஒரு தணல் தெறித்து வலது பாதத்தில் விழுந்தது. சுரீரென்றது. கால் எப்போதோ சரியாகிவிட்டிருந்தது. ஆனால் செய்தி இன்னும் வரவில்லையே, முறைப்படி வந்து சேராத வலிக்கு எப்படிக் கத்துவது? பல்லைக் கடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"புகை பட்டுட்டா?" என்று பக்கத்திலிருந்த மணப்பெண் முத்துப்பேச்சி மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல, தகவலுக்குக் காத்திருக்கேன்."

மாடக்கண்ணு உடனே சொல்லிவிட்டான்தான். இசக்கியோ அப்போதுதான் ஒரு கொசுக்கடியை அனுப்பிவிட்டு, கண்ணை மூடி ஓய்விலிருந்தான். கண் திறந்து, கேட்டு, தளவாயிடம் சொன்னான். தளவாய் குனிந்து, "வலிக்குதுலே" என்றான்.

வெயிலுமுத்து ஐயோவென்று அலறி எழுந்து, இடது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையைச் சுற்றி நொண்டியடித்தான். எந்தக் கால் என்று செய்தியில் சொல்லவில்லை. மச்சினன் ஓடிப்போய் வாங்கிவந்த மருந்தையும் அந்த இடது காலிலேயே பூசிக்கொண்டு, இப்போது தேவலை என்றான்.