ஓடுற தண்ணி

ஒரு ஊர்ல ஒரு வீடாம். நம்ம வீடு மாதிரி இல்ல. வீட்டு மேல வீடு, அது மேல இன்னொரு வீடுன்னு வானம் வரைக்கும் அடுக்கி வெச்ச வீடு. அதுல ஒசக்க, உச்சி வீட்டுல, வல்லின்னு ஒருத்தி இருந்தா, அவ மாமியாரோட. மாமியாருக்கு நடக்க முடியாது, கண்ணும் தெரியாது. புருஷன் லாரி ஓட்டுறவன், இன்னைக்கு இங்க, நாளைக்கு எங்கயோ. ம் சொல்லு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

வல்லிக்கு ஒரே ஒரு ஆசை. ஓடுற தண்ணில காலை வைக்கணும். சிரிக்காத. அவ பொறந்து வளந்ததெல்லாம் அந்தப் பட்டணம்தான். தண்ணின்னா குடத்துல நிக்கும், தொட்டில நிக்கும், லாரில கடகடன்னு வந்து எறங்கும். ஆறுன்னு ஒண்ணு இருந்துச்சு, அதுல சாக்கடைதான், அதுவும் ஓடாம நின்னுச்சு. யாரும் தொறந்துவிடாம, தன் பாட்டுக்கு ஓடுற தண்ணிய அவ பாத்ததே இல்ல.

அப்போ கீழ் வீட்டுல தணிகாசலம்னு ஒருத்தர். பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். சும்மா இருக்க முடியுமா அவரால? மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அந்தக் கட்டடத்து ஆளுங்கள வேன்ல ஏத்தி, பீப்பீன்னு விசில் ஊதி, மலைக்குக் கூட்டிட்டுப் போயிடுவார். ஏறுவாங்க, ஓடையில குளிப்பாங்க, கொண்டுபோன சோத்தைப் பங்கு போட்டுத் திம்பாங்க. எதிர் வீட்டுக்காரன் பேருகூடத் தெரியாதவன் எல்லாம் அங்க போய்த்தான் மாமன் மச்சான் ஆனான்.

வல்லியயும் கூப்பிட்டாங்க. புடவை மாத்திக்கிட்டு கெளம்பியும் நின்னா. உள்ள இருந்து லொக்கு லொக்குன்னு இருமல். அத்தைய யாரு பாத்துக்குறது? போகல. போனவங்க பாவம் பாத்து, ஓடைத் தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சிட்டு வந்து குடுத்தாங்க. நல்ல மனசுதான். ஆனா பாட்டில்ல அது நின்னுச்சுடா, ஓடல.

அப்புறம் அடுத்த மாசம். பக்கத்து வீட்டுப் பொண்ண அத்தைக்குத் துணையா இருக்கச் சொன்னா. அந்தக் கழுதை என்ன பண்ணிச்சு? அதுவே வேன்ல ஏறி உக்காந்துடுச்சு. இந்தத் தடவை ஓடைச் சத்தத்த போன்ல புடிச்சிட்டு வந்தாங்க. சலசல சலசல. வல்லி ராத்திரியெல்லாம் காதுல வெச்சுக் கேட்டா. காது சுட்டுதே தவிர கால் நனையல.

தூங்கிட்டியா? ம். சரி.

மூணாவது மாசம் தணிகாசலமே மேல வந்தார். விசிலக் கழட்டி வேற ஒருத்தன் கழுத்துல மாட்டிட்டார். "நான் பாக்காத மலையா? நீ போயிட்டு வாம்மா. உன் அத்தைக்குக் கஞ்சி நான் குடுக்குறேன்"னார்.

போனா. ஏறுனா. மூச்சு புஸ்ஸு புஸ்ஸுங்குது, முள்ளு புடவையச் சரக்குனு இழுக்குது, செருப்பு பட்டுனு அந்துபோச்சு. வெறுங்காலோட நடந்தா. அப்புறம் காலை வெச்சா பாரு, ஜில்லுனு உச்சந்தல வரைக்கும் ஏறுச்சு. தண்ணி வந்து தொட்டுது, போச்சு, வேற தண்ணி வந்துது. இத்தனை வருஷமா இது இங்க ஓடிக்கிட்டேதான் இருந்துச்சான்னு நெனச்சா, அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. விசில் அடிச்சாங்க, எழுந்திருக்கல. திரும்ப அடிச்சாங்க, எழுந்திருக்கல. மூணாவது விசிலுக்குத்தான் மனசே இல்லாம எழுந்தா.

வீட்டுக்கு வந்து, ஈரப் புடவையோட அத்தை கட்டில்ல உக்காந்தா. "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா அத்தை.

"ஜில்லுன்னு இருந்துச்சு அத்தை." அவ்வளவுதான் வந்துச்சு வாயில.

"காலை என் மடியில வை."

பெரியவங்க மடியில காலை வைக்கிறதாவது? வல்லி தயங்குனா. அத்தையே தடவித் தடவி அவ காலை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. வெரல் இடுக்குல மணல் இருந்துச்சு. அதை நெருடி நெருடிப் பாத்தா, ரொம்ப நேரம்.

"கண்ணு தெரிஞ்ச காலத்துல நானும் உன் மாமனார்கிட்டக் கேட்டேன், ஓடை பாக்கணும்னு"ன்னா. "அப்புறம் பாத்துக்கலாம்னார்."

வல்லி காலை இழுத்துக்கல. அத்தை அந்த மணலை உள்ளங்கையில எடுத்து மூடிக்கிட்டா.

கதை அவ்வளவுதான். இனி ம் சொல்ல வேணாம், கண்ண மூடு.