கைவைத்த ஜெபம்

உபதேசியார் ஞானதிரவியம் அன்று காலை சைக்கிளில் போனாரா, பறந்தாரா என்று பார்த்தவர்களுக்கே சந்தேகம். முன்கம்பியில் அவருடைய ஆறு வயது மகள் கெத்சியாள். மிதிக்க மிதிக்க அவர் வாயில் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" ஓடிக்கொண்டே இருந்தது.

குருமனை வாசலில் ஏசுவடியான் ஐயர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உபதேசியார் ஊழியம் செய்யும் சபையின் குருவானவர் அவர். உபதேசியாரை விடப் பத்து வயது இளையவர். ஆனாலும் வேதத்தில் ஒரு சந்தேகம் என்றால் உபதேசியார் ஓடிவந்து நிற்பது அவரிடம்தான்.

"ஐயா, இன்னைக்குத்தான் அந்த நாளு! பிள்ளைக்குக் கைவச்சு ஜெபிங்க. சுகம் கிடைச்சாச்சுன்னே விசுவாசிச்சிட்டேன்!"

விஷயம் இதுதான். கெத்சியாளுக்கு இடது கண் மந்தம். எல்லா வேலையையும் வலது கண்ணே பார்த்துவிடுவதால் இடது கண் பார்க்கப் பழகவில்லை என்றார் டாக்டர். நல்ல கண்ணைத் தினமும் ஆறு மணி நேரம் பிளாஸ்திரி ஒட்டி மூடச் சொன்னார். ஏழு வயது தாண்டிவிட்டால் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம் என்றும் எச்சரித்தார்.

முதல் நாளே பிள்ளை கதவில் முட்டிக்கொண்டாள். நெற்றி புடைத்து, "எடுத்துருங்கப்பா" என்று ஒரே கத்தல். உபதேசியார் பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்துவிட்டார். அதோடு விட்டாரா? போன ஞாயிறு ஆராதனை நடுவில் எழுந்து, "பாலியர் ஞாயிறு அன்னைக்கு என் மக அந்த இடது கண்ணாலேயே வசனம் வாசிப்பா!" என்று சபைக்கு அறிக்கையும் பண்ணிவிட்டார். பிள்ளைகளே ஆராதனை நடத்தும் அந்த ஞாயிறுக்கு இன்னும் பத்தே நாள்.

"பிளாஸ்திரி எங்க உபதேசியாரே?" என்றார் ஐயர்.

"அது எதுக்குய்யா? ஒட்டினா பாதி விசுவாசம்னு ஆயிருமே."

"விசுவாசத்தால எடுத்தீங்களா, பிள்ளை அழுததால எடுத்தீங்களா?"

உபதேசியாருக்குச் சுருக்கென்றது. "ரெண்டும்னு வச்சுக்கிடுங்களேன்" என்றார்.

ஐயர் சிரித்தார். கை கழுவிவிட்டு வந்து, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். உபதேசியார் மண்ணிலேயே முழங்காலிட்டுக் கண்களை இறுக மூடினார். இதோ, இப்போதே நடக்கப்போகிறது!

"பரம பிதாவே..." என்று ஆரம்பித்தார் ஐயர். அதோடு நிறுத்திவிட்டார்.

"ஐயா, கையை எடுங்க. தெரியலை" என்றாள் பிள்ளை.

"என்ன தெரியலை?"

"ஒண்ணுமே தெரியலை."

"கோயில் எங்க இருக்கு?"

"அந்தா. வெள்ளையா."

"தெரியுதே!"

உபதேசியார் மெல்லக் கண் திறந்தார். ஐயரின் கை பிள்ளையின் தலையில் இல்லை. அவளுடைய வலது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தது.

"ஐயா, கை மாறிப்போச்சு! சுகமில்லாதது இடது கண்ணு!"

"தெரியும்."

"ஆண்டவர் குருடன் கண்ணைத் திறந்துதானய்யா விட்டாரு?"

"முதல்ல அந்தக் கண்ணுல சேத்தைப் பூசி மூடினாரே. அவன் அதைத் தட்டிவிட்டானா?"

ஐயர் பிள்ளையிடம் திரும்பினார்.

"கெத்சியா, கோழி எத்தனை நிக்குது?"

அவள் கழுத்தை நீட்டினாள். மூக்கைச் சுருக்கினாள். கண்ணில் நீர் கட்டியது. "ரெண்டு" என்றாள். பிறகு ஐயரின் மடியிலேயே துள்ளினாள். "இல்ல, மூணு! அங்க ஒண்ணு மண்ணு நிறத்துல!"

"மூணுதான்!" என்று உபதேசியார் குதித்து எழுந்தார். கோழிகள் மூன்றும் பதறி ஓடின. "ஐயா, சுகமாயிட்டுது!"

"இல்ல. கோழி பெருசு. வசனம் சின்ன எழுத்து."

"அப்ப பாலியர் ஞாயிறு? சபை முன்னால என்ன சொல்லுவேன்?"

"வசனத்துக்குப் பதிலா கோழி எண்ணச் சொல்லுங்க."

உபதேசியாருக்குச் சிரிப்பதா, அழுவதா என்று புரியவில்லை.

"எனக்குக் கை கடுக்குது. இங்க வந்து நீங்க வைங்க" என்றார் ஐயர்.

உபதேசியார் மகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நெற்றிப் புடைப்பு இன்னும் வற்றியிருக்கவில்லை. கையால் அவளுடைய நல்ல கண்ணைப் பொத்தினார்.

கெத்சியாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அப்பா, நீங்களுமா?"

கை விலகப் பார்த்தது. அவர் விடவில்லை. அவளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். அவர் கண்ணீர் அவள் தலையில் விழுந்தது. பிள்ளை விசும்பிக்கொண்டே, ஓடிப்போன கோழிகளை இடது கண்ணால் தேடத் தொடங்கினாள்.

"ஆரம்பிச்ச ஜெபம் அப்படியே நிக்குதேய்யா" என்றார் உபதேசியார். "எப்ப ஆமென் சொல்லணும்?"

ஐயர் கோயில் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். மணி ஒன்பது.

"ஆறு மணி நேரம் ஆகட்டும், மூணு மணிக்கு ஒரு ஆமென் சொல்லுவோம். நாளைக்குக் காலையில திரும்ப ஆரம்பிக்கணும்" என்று கீரையைக் கையில் எடுத்தார்.