கேள்வி கேட்காத கம்ப்யூட்டர்

அப்பல்லாம் விண்டோஸுக்குப் பதிலா இலவச லினக்ஸைப் போட்டுத் திரையில படம் வரணும்னா, மானிட்டர் தாங்குற அளவையெல்லாம் கேட்டுக் குடையும். தப்பாச் சொன்னா மானிட்டரே கருகிடும்னு ஊரே நடுங்கும்.

கம்ப்யூட்டர் சென்டர் முதலாளி தணிகாசலம், வேலைக்கிருந்த செண்பகவல்லிகிட்ட உறுமினார்.

"ஒரு கேள்வியும் கேக்காம படம் வரணும். இல்லேன்னா நாளைக்கு வராதே!"

அவ உக்காந்து கேள்வியையெல்லாம் எடுத்தா. சாயங்காலம் போய் நின்னா.

"ஆச்சு சார். ஒரே பட்டன். அளவை அதுவே குத்துமதிப்பாப் போட்டுக்கும். உங்க மானிட்டர்லயே அழுத்துங்க."

புது மானிட்டர், வச்ச சந்தனம்கூட உதிரலே. அவர் விரல் பட்டனுக்கு மேலயே நின்னுடுச்சு.

"குத்துமதிப்பு தப்பினா?"

"கருகும் சார்."

"ஐயோ! என்ன மானிட்டர்னு முதல்ல கேக்கச் சொல்லும்மா!"

"அதைத்தானே சார் எடுக்கச் சொன்னீங்க?"

மறுநாள் செண்பகவல்லியும் வந்தா, கேள்வியும் வந்துச்சு.